அப்பாவின் நிலத்தைக் கேட்ட ஐந்து பெண்கள்

வணக்கம் நண்பர்களே! அப்பா இறந்துவிட்டார். ஆண் வாரிசு கிடையாது, ஐந்தும் பெண்கள். நிலம் யாருக்கு? பைபிளில் இந்தக் கேள்வியை, இஸ்ரவேல் மக்களின் தலைவரான மோசேயிடம் நேருக்கு நேர் கேட்ட பெண்களைப் பற்றித்தான் இந்த வீடியோ. அவர்களில் இரண்டு பேருடைய பெயர் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்திருக்கிறது. அந்த இடம் வரைக்குமாவது பாருங்கள்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரவேல் மக்கள் தாங்கள் குடியேறப்போகிற கானான் நாட்டுக்குள் போவதற்கு முன், மோவாப் சமவெளியில் 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்களை எண்ணுகிறார்கள். மொத்தம் 6,01,730 பேர். யூதா கோத்திரத்தில், அதாவது யூதாவின் வம்சப் பிரிவில் 76,500, சிமியோனில் வெறும் 22,200. ஆள் அதிகமுள்ள கோத்திரத்துக்கு அதிக நிலம், குறைந்ததற்குக் குறைவு. எந்தப் பகுதி யாருக்கு என்பது சீட்டுப்போட்டு முடிவாகும். கைபலம் உள்ளவன் நல்ல வயலை வளைத்துப்போட வழியே இல்லை.

ஆனால் கணக்கில் வந்தவர்கள் ஆண்கள். மனாசே கோத்திரத்து செலொப்பியாத்துக்கு மகன் இல்லை, ஐந்து மகள்கள்தான்.

(திரையில்: ஆசரிப்புக் கூடார வாசல்)

மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து பேரும் கடவுளை வழிபடும் கூடாரத்தின் வாசலுக்கு வருகிறார்கள். எதிரே மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், மொத்த சபையும். அழுது கெஞ்சவில்லை, வழக்குப் பேசுகிறார்கள்: எங்கள் அப்பா மோசேக்கு எதிராக எழுந்த கோராகின் கலகக் கூட்டத்தில் சேரவில்லை, மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும்? எங்களுக்கும் காணி கொடுங்கள்.

மோசே தானாகப் பதில் சொல்லவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோகிறார். வந்த தீர்ப்பு: அந்தப் பெண்கள் பேசுவது சரி, கொடு! அதோடு நிற்கவில்லை; மகன் இல்லாவிட்டால் மகளுக்கு என்று எல்லோருக்கும் பொதுவான சட்டமாகவே அது மாறுகிறது. இத்தனை லட்சம் பேருக்குப் போட்ட ஒழுங்கு ஒரு வீட்டின் குறையைக் கேட்டு இடம் விடுகிறது. கடவுளின் அக்கறையைப் பற்றி எனக்குப் பிரசங்கமே தேவையில்லை, பைபிளின் இந்த ஒரு அதிகாரம் போதும்.

பிறகு மோசே இறந்துவிடுகிறார். பெண்கள் விடவில்லை, அடுத்த தலைவர் யோசுவாவிடம் போய் நினைவுபடுத்துகிறார்கள். யோர்தானுக்கு மேற்கே மனாசேக்குப் பத்துப் பங்கு விழுகிறது. ஏன் பத்து? அங்கே ஆறு குடும்பங்கள். ஐந்துக்கு ஆளுக்கு ஒன்று. ஆறாவது இந்தப் பெண்களின் தாத்தா வழி. அந்த இடத்தில் ஐந்து சகோதரிகளுக்கு ஐந்து. ஐந்தும் ஐந்தும் பத்து!

இப்போது அந்த மண்.

(திரையில்: சமாரியா வரைபடம், பானை ஓடு)

1910-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு மனாசே பகுதியில் இருந்த பழைய சமாரியா நகரத்தில் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. எல்லாம் சரக்குக் குறிப்புகள்: ராஜாவின் இத்தனையாவது வருஷம், இந்த ஊர்ப் பகுதி, ஒரு ஜாடி பழைய திராட்சரசம், இல்லை எண்ணெய். பக்தி நோக்கத்தோடு யாரும் எழுதியதல்ல, வெறும் கணக்கு. அதில் வரும் பகுதிப் பெயர்களில், மனாசேயின் அந்த ஆறு குடும்பங்களைச் சேர்ந்த அபியேசேர், சீகேம் இருக்கின்றன. கூடவே நோவாள், ஒக்லாள்! அப்பாவின் பெயர் அழியக்கூடாது என்று கேட்ட பெண்களின் பெயரிலேயே பகுதிகள் இருந்திருக்கின்றன. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

  

யோசுவா புத்தகத்தில் ஊர்ப் பெயர்களாக வரும் அதிகாரங்களை நீங்களும் தாண்டிப் போகிறவர்தானே? இன்றைக்கு 17-ஆம் அதிகாரத்தை மட்டும் திறந்து, அந்தப் பத்துப் பங்கை நீங்களே எண்ணிப் பார்த்துவிட்டு கமென்ட்டில் எழுதுங்கள்.