எழுந்திருங்கள், போவோம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். துன்ப வேளையில் மனிதனைத் தாங்கி நிறுத்துவது இறைவனிடம் சரணடையும் பிரார்த்தனையே என்று பேச வந்திருக்கிறேன். "தன்முயற்சியே" என்று முழங்கிய எதிரணித் தலைவர் இப்போது வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முயற்சிக்காரர் அல்லவா, வியர்க்கத்தானே செய்யும்!

வெள்ளத்தில் விழுந்தவன் நீந்தினால் கரை சேர்வான், கும்பிட்டால் மூழ்குவான் என்றார். நானும் கைதட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி கூலி தரும் என்று 619ஆம் குறளையும் துணைக்கு இழுத்தார். ஐயா, வள்ளுவர் நீச்சலைப் பற்றியே ஒரு குறள் பாடியிருக்கிறார். பத்தாவது குறள். பிறவிப் பெருங்கடலை யார் நீந்துவார்? இறைவன் அடி சேர்ந்தவர். சேராதவர்? நீந்தார். கரையிலிருந்து 609 குறள் தள்ளிப் போய்க் குதித்துவிட்டீர்கள்!

சரணாகதி என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று நினைக்கிறார்கள். அப்பரைப் பாருங்கள். உடனே எதிரணியில் சிரிப்பு. கல்லோடு கடலில் மிதந்த கதை வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது வேண்டாம், சோற்றுக் கதை சொல்கிறேன்.

7ஆம் நூற்றாண்டு. திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் தங்கியிருந்தபோது கடும் பஞ்சம் வந்தது. அடியார் பசி தீர, இறைவன் தினமும் ஆளுக்கொரு காசு கோயில் பீடத்தில் வைத்தான் என்கிறார் சேக்கிழார். கிடைத்தது காசுதான், வெந்த சோறு கிடைக்கவில்லை. கடைத்தெருவுக்கு நடந்ததும், அரிசி வாங்கி உலை வைத்ததும், பறையறைந்து கூப்பிட்டுப் பந்தி போட்டதும் மனிதக் கைகள். ஆனால் சம்பந்தர் மடத்தில் மட்டும் பந்தி தாமதமாயிற்று. விசாரித்தால், அவர் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி, அதாவது மதிப்பில் கழிவு, பிடிக்கிறார்களாம். அப்பர் காசுக்குப் பிடித்தமே இல்லை. காரணம், அவர் புல் செதுக்கும் உழவாரம் ஏந்திக் கோயிலில் கைத்தொண்டு செய்கிறவர். இந்தச் செய்தியை எதிரணி தேடிப் பிடித்திருந்தால் நான் திணறியிருப்பேன். நல்லவேளை, எங்கள் பக்கத்திலேயே இருந்துவிட்டது.

அந்த அப்பர்தான் "தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே" என்றார். இரண்டு கடன், இரண்டு கணக்கு. நம்முடையதை விட்டுவிட்டு இறைவன் கணக்கையும் நாமே எழுதப் போகும்போதுதான் மனிதன் உடைந்துபோகிறான்.

அதை நான் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். என் தாயாருக்கு அறுவை சிகிச்சை. ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது, நகையை அடகு வைப்பது, வெளியே போய் மருந்து வாங்குவது என்று என் தந்தை மூன்று நாள் ஓடினார். எதிரணி சொல்கிற முயற்சியில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்காம் நாள் இரவு அறுவை அறைக் கதவு மூடியது. நண்பரே, அந்தக் கதவுக்கு வெளியே என்ன முயற்சி செய்வீர்கள்? கத்தி மருத்துவர் கையில், மூச்சு அம்மாவிடம். என் தந்தைக்கு மிச்சமிருந்தது இரண்டு கைகள். அவற்றைக் கூப்பினார். அதன் பிறகுதான் சுவரில் சாய்ந்து அரை மணி நேரம் கண்ணயர்ந்தார்.

பக்கத்தில் ஓர் அம்மா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் கணவர். விடியற்காலையில் என் தாயார் பிழைத்துவிட்டார் என்று சொன்னார்கள். அந்த அம்மாவின் கணவர் பிழைக்கவில்லை.

இதைச் சொல்லாமல் மறைத்திருந்தால் என் கட்சிக்கு வசதிதான். "அப்படியானால் அவர் வேண்டுதல் எங்கே போயிற்று?" என்று எதிரணியில் இப்போது ஒருவர் குறிப்பெடுக்கிறார். எழுதிக்கொள்ளுங்கள், அதற்கும் பதில் இருக்கிறது. பதில் என்னுடையது இல்லை, கெத்சமனித் தோட்டத்தில் இருக்கிறது. பிடிபடுவதற்கு முந்தைய நாழிகையில் இயேசு தரையில் விழுந்து மூன்று முறை வேண்டினார். முடியுமானால் இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும், ஆனாலும் என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே ஆகட்டும் என்றார். கிண்ணம் நீங்கவில்லை. ஆனால் விழுந்து வேண்டியவர், தூங்கிக்கொண்டிருந்த சீடர்களிடம் வந்து சொன்ன வார்த்தை என்ன? "எழுந்திருங்கள், போவோம்." தப்பி ஓட வழி தேடவில்லை. காட்டிக்கொடுக்க வருகிறவனை எதிர்கொண்டு நடந்தார்.

அந்த அம்மாவும் சற்று நேரம் அழுதார். பிறகு செபமாலையை முந்தானையில் முடிந்துகொண்டு, பிரிக்காமல் இருந்த மருந்துப் பையை என் தந்தையிடம் நீட்டினார். "டாக்டரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, ஆண்டவர் சித்தம்" என்றார். வண்டி பேசக் கீழே இறங்கிப் போனார். மகளுக்குப் பள்ளியில் தேர்வு, பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறேன் என்று போகிற போக்கில் சொன்னார். அந்தக் கால்களுக்கு நடக்கும் தெம்பு எங்கிருந்து வந்தது என்று எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் விளக்கட்டும். கேட்கக் காத்திருக்கிறேன்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரு வாரம் படித்தேன், தொண்டை வற்றப் பேசினேன். இனித் தீர்ப்பு நடுவர் சித்தம். முயற்சியே எல்லாம் என்ற நண்பரும் பேசி முடித்து, என்னைப் போலவே கைகட்டி உட்கார்ந்து உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஐயா. வணக்கம்.