பையன் கையில் இருந்த ஐந்து அப்பம்

நடுவர் அவர்களே, சபையாரே, வணக்கம். வேதாகமத்தில் அப்பம் பெரிதும் குறிப்பது வானத்துக் கொடையையா, மனிதர் பகிர்வையா என்பது தலைப்பு. பகிர்வே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த அப்பமாகிய மன்னாவில் தொடங்கி அழகாகப் பேசினார். ஆனால் போகிற போக்கில் ஒன்றை எறிந்துவிட்டுப் போனார். "ஐந்து அப்பம் வைத்திருந்த பையனை நினைத்து இப்படி உருகுகிறீர்களே, அவன் கொடுத்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது? இயேசுவின் சீஷன் அந்திரேயா பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, என் குறிப்புத்தாளை மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்குவதாக இல்லை.

அந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் இயேசு பெருகச் செய்து ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதை, அவர் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் யோவானில் மட்டும்தான் வருகிறான், ஆறாம் அதிகாரத்தில். கலிலேயாக் கடலோரம், நல்ல புல்தரை, யூதரின் பஸ்கா பண்டிகை நெருங்கும் காலம். பிலிப்பு என்ற சீஷன் கணக்குப் போடுகிறான்: இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சம்கூட வராது. ஒரு பணம் என்பது அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். இருநூறு நாள் உழைப்பு இருந்தாலும் பத்தாது என்கிறான்.

அப்போதுதான் அந்திரேயா பேசுகிறான். "இங்கே ஒரு பையன் இருக்கிறான், அவன் கையில்..." கவனியுங்கள், "அவன் கையில்"! ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். வாற்கோதுமை ஏழையின் தானியம். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் விலையே இருக்கிறது: ஒரு பணத்துக்குக் கோதுமை ஒரு படி, வாற்கோதுமை மூன்று படி. வீட்டில் கோதுமைக்கு வழியில்லாத பிள்ளை அவன். அந்திரேயாவுக்கும் அதில் நம்பிக்கை இல்லை. "இவ்வளவு ஜனங்களுக்கு எம்மாத்திரம்" என்கிறான்.

அண்ணன் சொன்னது போல, பையன் கொடுத்தான் என்று தனியாக ஒரு வசனம் இல்லை. எழுதாததை எழுதியதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து என்ன எழுதியிருக்கிறது? இயேசு அந்த அப்பங்களை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். அண்ணே, ஒரு சின்னப் பையனிடம் பிடுங்கிய அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் ஆண்டவர் ஸ்தோத்திரம் பண்ணியிருப்பாரா?

இன்னொரு தரம் அந்தப் புல்தரைக்கு வாருங்கள். பையன் கையிலிருந்து ஆண்டவர் கைக்கு, அங்கிருந்து சீஷர்கள் கைக்கு, அப்புறம் பந்தியிருந்தவர்கள் கைக்கு. கை மாறிக்கொண்டே போகிறது அப்பம். எந்தக் கையில் பெருகியது என்று யோவான் சொல்லவே இல்லை. கடைசியில் பன்னிரண்டு கூடை மீதி.

அண்ணனுடைய மன்னாவும் எங்கள் பக்கம்தான். அதிகமாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. விடியும்வரை பதுக்கி வைத்தால் புழு. வானத்திலிருந்து வந்த அப்பமே பதுக்கியவனிடம் தங்கவில்லை!

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள்.

எம்மாவு என்ற கிராமத்துக்குப் போன சீஷர் இருவரோடு உயிர்த்த ஆண்டவர் வழியெல்லாம் நடந்தார். மோசே தொடங்கி வேதத்தையே விளக்கினார். அவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை. பந்தியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார், கண் திறந்தது.

என் பாட்டிக்குக் கடைசி இரண்டு வருஷம் நினைவு தப்பிவிட்டது. பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட வராது. என்னைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். மாதம் ஒருமுறை எங்கள் சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கு வந்து, ஆண்டவரின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து கொடுப்பார். ஒருநாள் அப்பத்துண்டு பாட்டியின் உள்ளங்கையில் இருந்தது. வாயில் போடவில்லை. நடுங்கும் விரலால் அதை இரண்டாகப் பிட்டார்கள். பாதியை என் பக்கம் நீட்டினார்கள். "சாப்பிடு ராசா" என்றார்கள். சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட அதே வார்த்தை.

எனக்கு அப்போது, திருவிருந்தில் சேருமுன் சபையில் நடக்கும் திடப்படுத்தல்கூட ஆகவில்லை. நான் வாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஐயரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்கிக்கொள் என்று தலையசைத்தார்.