இருபது ஆண்டு நடந்த நிலம்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் நான் சில காலம் குடியிருந்த ஊரில், வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி ஒரு பெரிய புல்வெளி இருந்தது. தனியார் நிலம்தான். ஆனால் ஊரே அதில் நடக்கும். அங்கே வீடுகள் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தவுடன், எங்கள் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு கட்டுப் படிவங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டார்.

அந்தப் படிவத்தில் இருந்த கேள்விகள் இன்னும் நினைவிலிருக்கின்றன. எந்த ஆண்டிலிருந்து இந்த நிலத்துக்குப் போய் வருகிறீர்கள்? எந்த வழியாக நுழைவீர்கள்? அங்கே என்ன செய்வீர்கள்? வேறு யார் யாரைப் பார்த்திருக்கிறீர்கள்? உங்களை யாரேனும் தடுத்ததுண்டா? யாரிடமாவது அனுமதி கேட்டதுண்டா? கடைசித் தாளில் ஒரு வரைபடம். நாம் நடக்கும் தடத்தை அதில் கோடிட்டுக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வெளி அழகாக இருக்கிறதா, அங்கே என்ன பறவைகள் வருகின்றன என்று ஒரு கேள்விகூட இல்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஆசிரியை சொன்னார்: "அழகுக்குச் சட்டத்தில் இடம் குறைவு. காலடிக்கு நிறைய இடம் உண்டு."

அந்த நாட்டின் சட்டப்படி, ஓர் ஊரின் மக்களில் கணிசமானோர் ஒரு நிலத்தை இருபது ஆண்டுகள் தொடர்ந்து விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்தியிருந்தால், அதை 'ஊர்த் திடல்' என்று பதிவு செய்யக் கோரலாம். நிலம் யாருக்குச் சொந்தமோ அவருக்கே சொந்தமாக இருக்கும்; ஆனால் அதில் கட்டடம் எழுப்ப முடியாது. நாயோடு நடந்தது, பட்டம் விட்டது, வேலியோரம் பிளாக்பெர்ரி பறித்தது, பனி விழுந்த நாளில் பிள்ளைகள் சறுக்கி விளையாடியது, எல்லாமே சாட்சியம். ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம். அந்தப் பயன்பாடு பலவந்தமாகவோ, ஒளிவுமறைவாகவோ, அனுமதி பெற்றோ நடந்திருக்கக் கூடாது.

முதல் இரண்டும் எளிதில் புரியும். பூட்டை உடைத்துக்கொண்டு போனவருக்கு உரிமை பிறக்காது. இருட்டில் பதுங்கிப் போனவருக்கும் பிறக்காது. மூன்றாவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு விளங்கக் கடினமானது. கேட்டு வாங்கிப் போனால் நாம் விருந்தாளி. விருந்தாளிக்கு வீட்டில் பங்கு கிடையாது.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே சன்னிங்வெல் என்று ஒரு சிறிய கிராமம். தேவாலயத்தின் நிலம் ஒன்றில் இரண்டு வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. ஊரார் அதைத் திடலாகப் பதிவு செய்யக் கோரினார்கள். தங்களுக்கு உரிமை இருப்பதாக அவர்கள் மனதார நம்பியது நிரூபிக்கப்படவில்லை என்று கூறிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. வழக்கு, அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை போனது. 1999-இல் தீர்ப்பு வந்தது: மனதுக்குள் என்ன நம்பினார்கள் என்று தோண்டிப் பார்க்கத் தேவையில்லை; உரிமையுள்ளவர்கள் நடந்துகொள்வதைப் போல வெளிப்படையாக நடந்துகொண்டார்களா என்பதே கேள்வி. நிலத்துக்காரர் பெருந்தன்மையோடு கண்டும் காணாமல் இருந்ததால் மட்டும் மக்களின் உரிமை கெட்டுவிடாது. அந்தக் கிராமம் வென்றது. அதன்பின் நாட்டின் பல மூலைகளில் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு ஊர்கள் எழுந்தன.

இதற்கு இன்னும் ஆழமான வேர் உண்டு. அங்கே 'காமன்' என்று ஒருவகை நிலம் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் என்று சொன்னால் நமக்குப் புறம்போக்கு நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. புறம்போக்கு அரசின் நிலம்; காமனுக்குப் பெரும்பாலும் ஒரு தனி உடைமையாளர் இருப்பார். ஆனால் அதில் மாடு மேய்க்கவும், விறகு எடுக்கவும் குறிப்பிட்ட சில குடிகளுக்குப் பரம்பரை உரிமை உண்டு. அந்த உரிமைகளை மதிக்காமல் வேலி போடும் பிரபுக்களை எதிர்க்க 1865-இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. திறந்தவெளிகள் சங்கம் என்ற பெயரில் இன்றும் அது இயங்குகிறது.

மறு ஆண்டே அவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. பெர்க்கம்ஸ்டெட் என்ற ஊரின் காமனில் பிரவுன்லோ பிரபு இரும்பு வேலி போட்டு நானூறு ஏக்கருக்கு மேல் வளைத்துக்கொண்டார். அங்கே உரிமை பெற்றிருந்த அகஸ்டஸ் ஸ்மித் என்பவர் சங்கத்தின் துணையோடு நூற்றுக்கு மேற்பட்ட கூலித் தொழிலாளர்களை லண்டனிலிருந்து இரவு ரயிலில் வரவழைத்தார். 1866 மார்ச் 6 அன்று பொழுது விடிவதற்குள் வேலி முழுவதும் இறங்கிவிட்டது. உடைத்தெறியவில்லை, கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்தார்கள். காலையில் செய்தி பரவி ஊர் மொத்தமும் வந்தது. வந்தவர்கள் அங்கே வளரும் மஞ்சள் பூ முட்புதரில் ஆளுக்கொரு கொத்து ஒடித்துக்கொண்டு போனார்கள், நிலம் மீண்டும் தங்களுடையது என்பதற்கு அடையாளமாக. நான்கு ஆண்டுகள் கழித்து நீதிமன்றமும் ஸ்மித்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. இந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொத்துகள்தான் கண்முன் நிற்கின்றன.

ஆனால் லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டின் கதையில் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே இருக்கின்றன. லௌட்டன் என்ற ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்டில் குளிர்காலத்தில் கிளை வெட்டி விறகு சேர்க்கும் உரிமை இருந்தது. காட்டைச் சுற்றி வேலி போட்டு வளைத்தபின்னும் தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி அந்த வழக்கத்தை விடவில்லை. அவர் குடும்பத்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அவர் தொடுத்த வழக்கு முடிவதற்கு முன்பே, 1870-இல் அவர் இறந்துபோனார். பிறகு லண்டன் மாநகராட்சி தானே ஒரு வழக்குத் தொடுத்தது. அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமை கொண்ட ஒரு நிலம் அவர்கள் கையில் இருந்ததால் அவர்களால் அது முடிந்தது. 1874-இல் வேலிகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பாயிற்று. 1878-இல் தனிச் சட்டமே வந்து, காடு பொதுமக்களுக்கென்று காக்கப்பட்டது. 1882-இல் விக்டோரியா அரசியார் வந்து அதை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

ஆனால் அந்தக் கிளை வெட்டும் உரிமை? அதை ரத்து செய்துவிட்டார்கள். ஈடாகக் கொடுத்த பணத்தில் ஊருக்கு ஒரு மன்றம் கட்டினார்கள். லாப்பிங் ஹால், கிளைவெட்டு மன்றம் என்றே அதற்குப் பெயர். காட்டைக் காப்பாற்றிக் கொடுத்த கோடரிக்குக் காட்டில் இடமில்லாமல் போயிற்று. பாதுகாப்பு இயக்கங்களில் இருப்பவர்கள் இதை அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். நிலத்தின் மீது ஒருவருக்கு இருந்த உழைப்பின் உறவைத் துண்டித்துவிட்டு, பார்த்து மகிழும் உறவை மட்டும் மிச்சம் வைப்பது முழு வெற்றியாகாது.

இன்று நிலைமை இன்னும் கடினம். 2013-இல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது. கட்டடம் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டு, அது அறிவிப்பாக வெளியான பிறகு, அந்த விண்ணப்பம் முடிவாகும் வரை திடல் பதிவு கேட்கவே முடியாது. கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. விளக்குக் கம்பத்தில் அறிவிப்பைப் பார்த்த பிறகு விழித்துக்கொள்கிற ஊருக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. ஆபத்து எதுவும் கண்ணுக்குத் தெரியாத அமைதியான ஆண்டில்தான் படிவங்களை நிரப்ப வேண்டும். யாருக்கு அப்போது ஆர்வம் இருக்கும்? அதனால்தான் அந்த ஆசிரியை போன்றவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எங்கள் வழக்கு இந்தச் சட்டமாற்றத்துக்கு முந்தியது. ஊர் மன்றத்தில் பொது விசாரணை நடந்தது. எண்பது வயதைக் கடந்தவர்கள் மேசை முன் அமர்ந்து, தாங்கள் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து அங்கே கூட்டிப்போன கதையைச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மரியாதையாகவே குறுக்கு விசாரணை செய்தார். பிறகு ஒரு பழைய கடிதத்தை எடுத்து வாசித்தார். புல்வெளியின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் விளையாடவும், நவம்பர் 5 இரவு அந்த நாட்டு வழக்கப்படி நெருப்பு மூட்டிக் கொண்டாடவும் அனுமதி கேட்டு நிலத்துக்காரருக்கு எழுதப்பட்ட கடிதம். "தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று அவர் அனுப்பிய பதிலும் கூடவே இருந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். அடுத்தவர் இடத்தில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். புதிதாகக் குடிவந்த ஆண்டில், தெருவின் சார்பாக, நல்லது செய்வதாக எண்ணி எழுதினேன்.

என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. விசாரணை முடிந்து வெளியே வந்தபோது ஆசிரியை என் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் நின்றார். சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. மேல்பகுதி ஊர்த் திடலாகப் பதிவானது. இன்றும் அங்கே பட்டம் விடுகிறார்கள். கீழ்ப்பகுதியில் மக்கள் அனுமதியின் பேரில்தான் இருந்தார்கள் என்று விசாரணை அதிகாரி எழுதியிருந்தார். அங்கே இப்போது வீடுகள் இருக்கின்றன.