கரண்ட் வைத்தது எந்தப் பக்கம்?

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் நிறையப் பேர் மடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளே புற்றுநோய்க்குப் பார்த்த பழைய ஃபைல், ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். இன்றைக்கு நான் பேச வந்ததே அந்தப் பையைப் பற்றித்தான்.

ஒரு ராத்திரி, ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை. ரத்த அழுத்தம் 84. "சுகர் மட்டும்தான் சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார் மகன். ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் லேசாகக் கூடியிருந்தது. மாரடைப்புதான் என்று நினைத்து, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியைக் கையில் எடுத்துவிட்டோம். ஆனால் ஈசிஜி அலைகள் குட்டை குட்டையாக இருந்தன. கழுத்து ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்து நின்றது. மறுபடி ஈசிஜி எடுக்கச் சேலையை விலக்கிய நர்ஸ்தான் பார்த்தார்: ஒரு பக்க மார்பு இல்லை. "அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி சார், அதான் சரியாயிடுச்சே!"

எக்கோவில் இதயத்தைச் சுற்றிலும் நீர். புற்றுநோய் திரும்பி வந்து, இதய உறைக்குள் நீர் கோத்து, இதயம் விரிய இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருந்தது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் உறைக்குள் ரத்தமும் சேர்ந்திருக்கலாம். நீரை ஊசி வைத்து எடுக்க எடுக்க, அந்த அம்மா மெதுவாகத் தலையணையில் சாய்ந்தார்.

மகன் பொய் சொல்லவில்லை. வீட்டில் அந்த நோயின் பெயரையே யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ட்ரோபோனின் இதயத் தசைக்கு அடி பட்டிருக்கிறது என்று சொல்லும். யார் அடித்தார்கள் என்று சொல்லாது. அதை உங்கள் கதைதான் சொல்ல வேண்டும். சிலருக்கு 5-எஃப்யூ என்ற புற்றுநோய் மருந்தை பம்ப்பில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். முதல் மூன்று நாளில் நெஞ்சு வலித்தால், இதய ரத்தக்குழாய் இறுக்கிப் பிடித்திருக்கலாம். கேஸ் என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருப்பார்கள். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அதை உடனே நிறுத்தியாக வேண்டும்.

இம்யூனோதெரபி வேறு கதை. புற்றுநோயை எதிர்க்க அந்த மருந்து தூண்டிவிட்ட நம் எதிர்ப்பு அணுக்களே இதயத் தசையைத் தாக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். சிலருக்கு நெஞ்சைவிடக் கண்ணில்தான் முதலில் தெரியும்: இமை தொங்கும், பொருள் இரண்டாகத் தெரியும், மாடிப்படி ஏறத் தொடையில் பலம் இருக்காது. இதற்கு ஸ்டென்ட் உதவாது. ஸ்டீராய்டு வேண்டும், அதுவும் அன்றைக்கே.

ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு முட்டினால் நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போயிருக்கலாம். சிவப்பு மருந்து என்கிறீர்களே, டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து, அது பல வருஷம் கழித்தும் இதயத்தைத் தளர்த்தலாம்.

அப்புறம், அசல் மாரடைப்பும் வரும். இடது மார்பில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ஸ்வீடன், டென்மார்க் பெண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, இதயத்தில் விழும் கதிர்வீச்சின் ஒவ்வொரு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கும் ஆபத்து 7.4 சதவீதம் ஏறுவதாகக் கண்டது. அது இருபது வருஷத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. புற்றுநோய்க்காரருக்கு ஆஞ்சியோ எதற்கு என்று யாராவது கைவிரித்தால் எனக்குக் கோபம் வரும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 10,000-க்குக் கீழே போனால்தான் ஆஸ்பிரின் வேண்டாம் என்கிறது 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி.

சரி, இப்போது பையைத் திறங்கள். என்ன மருந்து, கடைசியாக எந்தத் தேதி, கரண்ட் வைத்தது எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை போனில் படமெடுத்து, 108-க்குக் கூப்பிடப் போகிற பிள்ளைக்கு அனுப்புங்கள். மருந்துப் பெயரைப் படிக்க முடியவில்லை என்றால் மேடைக்குக் கொண்டு வாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.