வெட்டிய காடு எங்கே போகிறது?

(வடசென்னை, தண்டையார்பேட்டையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மரத்தை வெட்டிக் காயவைத்தால், அந்த உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம்தான். அது முழுவதும் இலைகள் காற்றிலிருந்து கரியமில வாயுவாக வாங்கித் தண்டாகவும் வேராகவும் ஆக்கிவைத்தது. அந்த மரம் எரிந்தாலும் மட்கினாலும், ஒவ்வொரு கிலோ கரிமமும் ஆக்சிஜனோடு கூடி ஏறத்தாழ 3.7 கிலோ கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. கதவாகவும் கட்டிலாகவும் மாறும் பகுதி மட்டும் சில பத்தாண்டுகள் தங்கும்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இன்றைய வெளியேற்றத்தில் பெரும்பகுதி நிலக்கரியும் பெட்ரோலியமும் தருவது. காடழிப்பு உள்ளிட்ட நிலப்பயன்பாட்டு மாற்றங்களின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. அதைச் சிறிது என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஏனென்றால், நாம் வெளிவிடுவதில் ஏறத்தாழ 30 சதவீதத்தை நிலத்தின் தாவரங்களும் மண்ணுமே திரும்ப வாங்கிக்கொள்கின்றன. காட்டை அழிக்கும்போது வாயுவும் கூடுகிறது, அதை வாங்கும் இடமும் குறைகிறது. அமேசான் காட்டின் தென்கிழக்குப் பகுதி, தான் வாங்குவதைவிட அதிகக் கரிமத்தை வெளிவிடுகிறது என்பதை விமானத்தில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு 2021இல் அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். காடு மேலே அனுப்பும் நீராவி குறைவதால் அங்கே மழையும் குறைகிறது. வறட்சி மேலும் மரங்களைக் கொல்கிறது.

நமக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில், உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் அடியில், சேற்றைத் துளைத்துக்கொண்டு பென்சில் முனைகளைப் போல மூச்சுவேர்கள் நிமிர்ந்திருக்கும். அந்தச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் வரும். உள்ளே ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். அதனால்தான் அங்கே விழும் இலையும் வேரும் முழுதாக மட்காமல், அடுக்கடுக்காகப் புதைந்து நூற்றாண்டுக் கணக்கில் கரிமத்தைப் பிடித்துவைக்கின்றன. பரப்பளவுக்குப் பரப்பளவு ஒப்பிட்டால், அலையாத்திக் காடுகள் பிற வெப்பமண்டலக் காடுகள் பலவற்றைவிட அதிகக் கரிமத்தைச் சேமிக்கின்றன; அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அந்தச் சேற்றைத் தோண்டிக் கரையில் கொட்டினால், காற்றுப் பட்ட உடனே நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கிவிடும். நூற்றாண்டுகள் சேர்த்ததை நாம் சில ஆண்டுகளில் இழக்கிறோம். அதே இடத்தில் கன்று நட்டு அதை ஈடுகட்ட நம் பேரக்குழந்தைகளின் ஆயுளும் போதாது.

மரக்கன்று நடுவது நல்ல செயல்தான், நானும் நடுகிறேன். ஆனாலும் நிற்கும் காட்டைக் காப்பதே முதல் வேலை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சாம்பலோ எண்ணெயோ படிந்து மூச்சுவேர் அடைபட்டால் மரம் மூச்சுத் திணறும். மண்ணைக் கொட்டி ஓடையை அடைத்தால், கடல் ஏறி இறங்கும்போது வந்துபோகும் ஓதநீர் வராமல் மரம் காயும். சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இதை நமக்கு முன்பே கண்டவர்கள். கழிமுகத்தைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் அவர்களுக்கு இடம் வேண்டும். கரையில் கன்று நட உங்களை யாரேனும் அழைத்தால், அந்த இடத்துக்கு ஓதநீர் வந்து போகிறதா என்று முதலில் கேளுங்கள். வராவிட்டால், அதை மறிக்கும் மண்ணை அகற்றச் சொல்லி மனு எழுதுங்கள், நானும் உங்களோடு கையெழுத்திடுகிறேன்.