கடவுளை நம்பாவிட்டாலும் நான் இந்துவா?

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூர் தேக்காவில் சிராங்கூன் சாலை ஓரமாக நடந்துகொண்டே பேசுகிறேன், பஸ் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளை "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை" என்றால், பெரியப்பாவோ மாமாவோ உடனே சொல்வார்: "அதனால் என்ன, நம் சமயத்தில் நாத்திகத்துக்கும் இடம் உண்டு. நீ இந்துதான்." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சாதாரணமானது இல்லை. சாங்கியம் என்ற தத்துவ மரபின் நூலான, ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை, பிரகிருதி (இயற்கை), புருஷன் (உணர்வு) என்ற இரண்டை வைத்தே உலகை விளக்குகிறது. படைக்கும் கடவுளுக்கு அங்கே வேலையே இல்லை. வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை மரபு இன்னும் வியப்பு. வேள்வியே கதி என்று இருந்தவர்கள் அவர்கள். அந்த மரபில் வந்த குமாரில பட்டர் படைப்புக் கடவுளை மறுத்து வரிசையாகக் கேட்கிறார்: உடம்பு இல்லாதவர் எப்படிப் படைப்பார்? உடம்பு இருந்தால் அதைப் படைத்தது யார்? இவ்வளவு துன்பம் உள்ள உலகை ஏன் படைக்க வேண்டும்? இன்றைக்கும் இவற்றை அப்படியே கேட்கலாம்.

தமிழில் மணிமேகலையை எடுங்கள். 27ஆம் காதையில் அவள் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய்க் கேட்கிறாள். அங்கே பூதவாதி ஒருவர், அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாவற்றுக்கும் மூலம் என்பவர், பேசுகிறார்: ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் மயக்கம் பிறப்பதுபோல், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் உணர்வும் போய்விடும், மறுபிறவி என்பதெல்லாம் பொய். மணிமேகலைக்கு அது ஏற்பில்லை. ஆனாலும் காப்பியத்தில் அவர் பேசி முடிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, மற்ற பாதிக்கு வருவோம். கடவுளை மறுத்தவர்களை உள்ளே வைத்துக்கொண்ட மரபு யாரை வெளியே தள்ளியது? கண்ணால் காணும் உலகமே உண்மை என்ற சார்வாகரை, பௌத்தரை, சமணரை. தர்க்கத்தை நம்பி வேதத்தையும் ஸ்மிருதி என்ற தர்ம நூல்களையும் இகழ்பவனைச் சான்றோர் விலக்க வேண்டும் என்கிறது மனு ஸ்மிருதி. கோடு கடவுள் மேல் விழவில்லை, வேதத்தின் மேல் விழுந்தது. மீமாம்சகர்களுக்கும் வேதம் எவராலும் இயற்றப்படாதது. ஒரு கடவுள் வந்து அதற்கு ஆசிரியராக நிற்பதைக்கூட அவர்கள் விரும்பவில்லை. கடவுளை விட்டார்கள், பிறப்பால் பிரிக்கும் வருணத்தை விடவில்லை.

மற்ற சமயங்களோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கிறிஸ்தவர்களின் நைசீன் விசுவாச அறிக்கை 'கடவுளை விசுவசிக்கிறேன்' என்று தொடங்குகிறது. இஸ்லாத்தில் கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழி. அங்கே நம்பிக்கைதான் வாசல். பௌத்தத்துக்குப் படைப்புக் கடவுளே தேவைப்படவில்லை, அதுதான் சிங்கப்பூரில் ஆகப் பெரிய சமயம். நமக்கு மிக நெருக்கம் யூதர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் கடவுளை மறுத்தாலும் யூதர்தான். 1963இல் அமெரிக்காவில் ஷெர்வின் வைன் என்ற ரபை கடவுளை விட்டுவிட்டே ஒரு யூத சபையைத் தொடங்கினார்.

ஆக, "நீ இந்துதான்" என்று மாமா சொல்வது பிறப்பை வைத்துத்தான். அதே பிறப்புதான் ஒருவருக்குக் கருவறையையும் இன்னொருவருக்குத் தெருவையும் ஒதுக்கியது. இதை மறந்துவிட்டு வெறும் தாராள மனம் என்று பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊரில் அதைத் தட்டிக் கேட்டவர்கள் இருந்தார்கள். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார், இங்கும் வந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு பத்திரிகை. இந்து சமயத்துக்குள் நாத்திகருக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, சாதியைக் கேள்வி கேட்டார்கள். 1952இல் சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டிய அந்த விழாவில் முஸ்லிம், கிறிஸ்தவத் தமிழருக்கும் இடம் இருந்தது, சாமி இல்லாதவருக்கும் இருந்தது.

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் இல்லை என்றவர்கள் 20 விழுக்காடு, 2010இல் 17. சீனர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அப்படிச் சொல்கிறார், இந்தியர்களில் மிகச் சிலரே. நம்மவர்களில் நம்பாதவர்கள் அவ்வளவு குறைவு என்று நான் நினைக்கவில்லை. பலர் வீட்டுப் பழக்கத்தில் 'இந்து' என்றே சொல்லிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

நான் 'சமயம் இல்லை' என்றுதான் சொல்வேன். தைப்பூசத்தில் அண்ணன் காவடி எடுக்கும்போது பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை தண்ணீர் போத்தலோடு கூடவே நடப்பேன், அதுவும் உண்மை. அண்ணன் என்பதால் நடக்கிறேன். அதற்கு எனக்கு எந்தப் பெயரும் வேண்டாம்.

மணிமேகலை பூதவாதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு பதில் சொல்வாள், கெட்டிக்காரத்தனமான பதில். அடுத்த காணொளியில் அதை எடுத்துப் பேசுகிறேன். வருகிறேன், நண்பர்களே.