சர்ச் தெருவில் ஒரு தமிழ் அலமாரி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு சர்ச் தெருவிலிருந்து பேசுகிறேன். வண்டிச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு தெருவிலேயே பிளாசம், புக்வார்ம், புக்ஹைவ் என்று அடுத்தடுத்துப் புத்தகக் கடைகள். பிரிகேட் சாலையை ஒட்டிய சந்துக்குள் போனால் 1945-இல் தொடங்கிய செலக்ட். எதுவும் பெரிய நிறுவனத்தின் கிளை இல்லை. பிளாசத்தைத் தொடங்கிய மாயி கவுடா, பொறியியல் படித்த காலத்தில் எம்.ஜி. சாலை நடைபாதையில் பழைய புத்தகங்கள் விற்றவர். வாங்க வருபவரின் முகத்தைப் பார்த்து விற்றுப் பழகியவர் நடத்தும் கடைக்கும், கிடங்கிலிருந்து பெட்டி கட்டி அனுப்பும் இணையத் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்த ஊரின் மூத்த வாசகர்களிடம் பிரீமியர் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். டி.எஸ். ஷான்பாக் 1971 முதல் 2009 வரை நடத்திய கடை அது. புத்தகங்கள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருக்கும். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். கேட்ட புத்தகம் எந்த அடுக்கில், எத்தனையாவதாக இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். 2021-இல் கொரோனாவில் அவர் இறந்தபோது பெங்களூருவின் எழுத்தாளர்களும் வாசகர்களும் குடும்பப் பெரியவரைப் பறிகொடுத்ததுபோல் கலங்கினார்கள். ஒரு கடைக்காரருக்காக ஊர் இப்படிக் கலங்குகிறது என்றால், அவர் விற்றது காகிதத்தை மட்டுமா?

இப்போது நம் கதைக்கு வருகிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று இந்த நகரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்கள் எழுதுகிறார்கள். பதிப்பகங்களோ சென்னையிலும் நாகர்கோவிலிலும் கோவையிலும் பொள்ளாச்சியிலும் இருக்கின்றன. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் புத்தகம் வெளிவரும், நண்பர்கள் வாங்குவார்கள், படம் எடுத்துப் போடுவார்கள். அதோடு சரி. கதை நடக்கும் தெருவில் அந்தக் கதை கிடைக்காது.

என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது சில படிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு சிறிய கடைக்குப் போனேன். கடைக்காரர் கன்னடர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. "அக்கா, இது எந்த ஊர்க் கதை?" என்றுதான் முதலில் கேட்டார். கோலார் தங்க வயல் என்றேன். நீள நோட்டு ஒன்றை எடுத்து, புத்தகத்தின் பெயரைக் கன்னட எழுத்தில் எழுதி, பக்கத்தில் படிகளின் எண்ணிக்கை, விலை, என் கைபேசி எண் எல்லாம் குறித்துக்கொண்டார். விற்றால் பணம், விற்காவிட்டால் புத்தகம் திரும்ப வரும். ரசீதுகூட இல்லை, அந்த நோட்டுதான் ஒப்பந்தம். பிறகு என் புத்தகத்தை அட்டை தெரியும்படி கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முதுகு மட்டும் தெரியும்படி அலமாரியில் செருகியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

தங்க வயலில் சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பிறகு அங்கிருந்து ஏராளமானோர் தினமும் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்கு வருகிறார்கள். அப்படி வருகிற ஒருவர் அந்தக் கடையில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தாராம். "உங்கள் ஊர்க் கதை வந்திருக்கிறது" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்றிரவே எனக்குத் தொலைபேசி வந்தது. அவருடைய தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் ஷிப்ட் சங்கைப் பற்றி எழுதியிருந்த பத்தியைப் படித்துக் காட்டி, அவர்கள் வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள் என்றார். நெடுநேரம் பேசினோம். இப்போது அவரும் எழுதுகிறார், நல்ல கதைகள். அந்த நாள்வரை அவர் என் புத்தகத்தின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. பெயர் தெரியாத புத்தகத்தை எந்தத் தளத்தில் போய்த் தேடுவார்?

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாக அட்டை விலையில் 30 முதல் 40 சதவீதம் கடைக்குக் கழிவாகக் கிடைக்கும். 300 ரூபாய்ப் புத்தகத்தில் 90 முதல் 120 ரூபாய். வாடகை, சம்பளம், மின்சாரம், சென்னையிலிருந்து கட்டு வரும் கூலி, எல்லாம் அதிலிருந்துதான். இணையத்தில் அதே புத்தகத்துக்கு 25 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்போது, அதே தள்ளுபடியைக் கொடுத்தால் கடைக்காரர் கையில் 15 முதல் 45 ரூபாய்தான் மிஞ்சும். கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று கைபேசியில் மலிவாக வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இலக்கியக் கூட்டம் நடத்தவும் இப்படிப்பட்ட கடைகள்தான் கைகொடுக்கின்றன. மண்டபம் எடுக்க எந்த இளங்கவிஞரிடம் பணம் இருக்கிறது? ஆட்ட கலாட்டா போன்ற கடைகள் இந்திய மொழிப் புத்தகங்களை வைத்ததோடு, வாசிப்பு, கதை சொல்லல், நாடகம் என்று இடமும் கொடுத்தன. அல்சூர் ஏரிப் பக்கம் நம் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, நல்ல நூலகம். ஆனால் அங்கே தமிழ் தேடுகிறவர்தான் போவார். கடையில் கன்னடக்காரர், மலையாளி, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்காமல் விட்ட நம் பிள்ளைகள் எல்லாரும் தற்செயலாக நம் புத்தகத்தின் முன் வந்து நிற்பார்கள். எனக்கு அந்தத் தற்செயல் வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பகுதியில் உள்ள சிறிய கடைக்குப் போகும்போது, தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் புத்தகத்தின் பெயரையும் பதிப்பகத்தின் எண்ணையும் எழுதிக் கொடுத்து, வரவழைக்கச் சொல்லுங்கள். வந்ததும் போய் அட்டை விலைக்கே வாங்கிவிடுங்கள். வரவழைக்கச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் அடுத்தவர் கேட்கும்போது அவர் தயங்குவார். ஒரு கடையில் நாலைந்து பேர் இப்படித் தொடர்ந்து கேட்டால் ஒரு தட்டு ஒதுக்குவார்கள். நான் என் நண்பர்களோடு இந்த மாதமே தொடங்குகிறேன். ஜெயநகரிலோ ஒயிட்ஃபீல்டிலோ இருப்பவர்கள், எந்தக் கடையில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.